பெட்டித் தேனீ ஓரினமா, ஈரினமா?

திருவனந்தபுரம் மாவட்டத்தில் தேன் தருபவை ஐந்து வகை. பாறை முகட்டிலும் உயர்ந்த கிளையிலும் ஒற்றை அடையைப் பெரிதாகத் தொங்கவிடுவது மலைத்தேனீ. புதர்க் கிளையில் கையகல அடை கட்டுவது கொம்புத்தேனீ. சுவர் இடுக்குகளில் குடியிருந்து, கொட்டத் தெரியாமல் வாழ்வது கொசுத்தேனீ. கடந்த நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் வட இந்தியாவிலிருந்து பெட்டியோடு வந்து சேர்ந்தது இத்தாலியத் தேனீ. ஐந்தாவது, மரப்பொந்திலும் பழைய கரையான் புற்றிலும் அடுக்கடுக்காக அடை வைத்து வாழும் உள்நாட்டுத் தேனீ. அடுக்குத் தேனீ, பொந்துத் தேனீ என்று தமிழிலும் ஞொடியல் என்று மலையாளத்திலும் வழங்குவது இதுவே. வீட்டுத் தோட்டங்களில் பெட்டி வைத்து வளர்க்கப்படுவதும் பெரும்பாலும் இதுதான்.

இந்தத் தேனீயை வேளாண் பாடநூல்கள் நெடுங்காலமாக ஏபிஸ் செரானா இண்டிகா என்ற ஒரே பெயரில் அடக்கி வந்திருக்கின்றன. ஆசியத் தேனீயின் இந்தியக் கிளையினம் என்பது அதன் பொருள். வளர்ப்போர் அப்படி அடக்கவில்லை. சமவெளியில் மஞ்சள் வயிற்றுடன் சற்றுச் சிறிதாக இருப்பதையும், மலையோரத்தில் கறுத்துச் சற்றுப் பெரிதாக இருப்பதையும் அவர்கள் வேறுவேறாகவே பார்த்தனர். கறுத்ததற்குக் கேரளத்தில் கரிஞ்ஞொடியன் என்ற தனிப்பெயரே உண்டு. 2022 செப்டம்பரில் ‘எண்டமோன்’ ஆய்விதழில் அந்தப் பெயர் ஏபிஸ் கரிஞ்ஞொடியன் என்று அறிவியல் பெயராக ஏறியபோது, வளர்ப்போருக்கு ஒரு பொருளில் அது பழைய செய்தி. வகைப்பாட்டியலுக்கோ அது இன்றும் தீராத வழக்கு.

வழக்குக்குள் போகுமுன் வழக்கில் நிற்கும் உயிரினத்தைப் பார்க்க வேண்டும். கருநிறமோ மஞ்சளோ, இரண்டின் வாழ்க்கைமுறையும் அடிப்படையில் ஒன்று. இருண்ட குழிவில் ஒன்றுக்கொன்று இணையாக ஆறேழு அடைகளைத் தொங்கவிடும். மேற்பகுதி தேனுக்கு, அதன் கீழ் மகரந்தம், அதற்கும் கீழ் புழு வளர்ப்பு. வேலைக்காரத் தேனீ முட்டையிலிருந்து வெளிவர ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். ராணி இன்னும் விரைவாக, பதினைந்து பதினாறு நாளில் வந்துவிடும். ஆண் தேனீயே கடைசி.

ஆண் புழுக்கள் வளரும் அறைகளை உற்றுப் பார்த்தால் பொந்துத் தேனீயின் முத்திரை ஒன்று கண்ணில் படும். புழு முதிர்ந்து நூல் நூற்றபின் அறையின் மேல்மூடியில் உள்ள மெழுகைத் தேனீக்கள் சுரண்டி எடுத்துவிடுகின்றன. அப்போது கூம்பாகப் புடைத்த கடினமான தொப்பி வெளிப்படும். அதன் உச்சியில் குண்டூசி குத்தியதைப் போல ஒரு துளை. இத்தாலியத் தேனீயின் ஆண் அறையில் இந்தத் துளை கிடையாது. பெட்டியின் அடிப்பலகையில் உதிர்ந்து கிடக்கும் தொப்பிகளைக் கொண்டே கூட்டில் ஆண் தேனீக்கள் வெளிவரத் தொடங்கிவிட்டதையும், கூடு பிரியும் பருவம் நெருங்குவதையும் அனுபவசாலிகள் சொல்லிவிடுவார்கள்.

வாசலிலும் ஒரு வேறுபாடு உண்டு. கோடையில் கூட்டைக் குளிர்விக்க விசிறும் பொந்துத் தேனீ தலையை வெளிப்பக்கம் வைத்து நின்று காற்றை உள்ளே தள்ளுகிறது. இத்தாலியத் தேனீ தலையை உள்பக்கம் வைத்து நின்று காற்றை வெளியே இழுக்கிறது. இத்தாலியத் தேனீ மரப்பிசினைக் கொண்டுவந்து இடுக்குகளை அடைக்கும். உள்நாட்டுத் தேனீக்கு அந்தப் பழக்கமே இல்லை. செங்குளவி வாசலுக்கு வந்தால் நூற்றுக்கணக்கான வேலைக்காரர்கள் அதன்மேல் பாய்ந்து உருண்டையாகத் திரண்டு, இறக்கைத் தசையை அதிரவைத்து உள்ளே வெப்பத்தை 45 டிகிரிக்கு மேல் ஏற்றும். குளவி அதில் சாகும். தேனீக்களுக்கு இன்னும் சில டிகிரி தாங்கும் வல்லமை உண்டு. கொட்டும் கொடுக்கைவிடச் சிக்கனமான ஆயுதம் இது.

வளர்ப்போரை வாட்டும் குணம் ஒன்று இருக்கிறது: கூட்டைக் கைவிட்டுப் போவது. தீனி குறைந்தாலும், மெழுகுப் பூச்சி அடையில் புகுந்தாலும், எறும்பு ஏறினாலும், அடிக்கடி திறந்து பார்த்தாலும்கூட மொத்தக் குடும்பமும் ஒரு நாள் பறந்துவிடும். இதைச் சோம்பேறித் தேனீ, நிலையில்லாத் தேனீ என்று குறைசொல்வது நியாயமல்ல. பூப்பருவம் இடத்துக்கிடம் மாறும் வெப்பமண்டலக் காட்டில், காலியான இடத்தில் காத்திருந்து சாவதைவிட இடம் மாறுவதே பிழைக்கும் வழி. உணவு தேடிப் பறக்கும் தொலைவும் இதற்கு ஏற்பக் குறுகியது. தென்னிந்தியாவில் மூன்று உள்நாட்டுத் தேனீக்களின் நடனங்களை ஒப்பிட்டு 2020-இல் வெளியான ஆய்வில், பொந்துத் தேனீயின் வட்டாரமே மிகச் சிறியதாகவும் மலைத்தேனீயின் வட்டாரம் மிகப் பெரியதாகவும் இருந்தது. நடனத்தில் ஒரே தொலைவை மூன்றும் வேறுவேறு கால அளவில் சொல்கின்றன என்பதையும் அது உறுதிசெய்தது. 1950-களில் இலங்கையில் மார்ட்டின் லிண்டவர் தொடங்கிவைத்த ஆராய்ச்சியின் தொடர்ச்சி அது.

திருவனந்தபுரத்தில் இந்தத் தேனீயின் ஆண்டை இப்போது நிர்ணயிப்பது ரப்பர் மரம். பிரேசிலிலிருந்து வந்த இந்த மரத்தில் தேன் பூவில் சுரப்பதைவிட இலையில் சுரப்பதே அதிகம். டிசம்பர் வாக்கில் இலை உதிர்ந்து, ஜனவரியில் செந்தளிர் விட்டதும், மூன்று சிற்றிலைகளும் காம்போடு கூடும் இடத்திலுள்ள சுரப்பிகள் நனையத் தொடங்கும். மார்ச் வரை நெடுமங்காடு, காட்டாக்கடை, பாறசாலை வட்டாரங்களின் தோட்டங்களில் தேன் வரத்து இந்தச் சுரப்பிகளை நம்பியே இருக்கிறது. இலையில் மகரந்தம் ஏது? புழு வளர்ப்புக்குத் தென்னையும் வீட்டுத் தோட்டத்து மற்ற பூக்களும் கைகொடுக்க வேண்டும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் தீனிப் பஞ்சக் காலம். சர்க்கரைப் பாகு வைத்துக் கூட்டைக் காப்பாற்றும் மாதங்கள் அவை. அக்டோபருக்குமேல் கூடு மீண்டும் பெருகும். கூடு பிரித்து எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்வதும் அப்போதுதான்.

இனி பெயர் வழக்கு. டென்மார்க்கின் பூச்சியியலாளர் யோஹான் கிறிஸ்டியன் ஃபப்ரிசியஸ் 1793-இல் சீனத்து மாதிரியைக் கொண்டு ஏபிஸ் செரானாவுக்கும், 1798-இல் இந்திய மாதிரியைக் கொண்டு ஏபிஸ் இண்டிகாவுக்கும் பெயர் வைத்தார். அப்போது தரங்கம்பாடி டேனியர் வசம் இருந்தது. தென்னிந்தியப் பூச்சிகள் பல அந்த வழியாகவே அவர் கைக்குப் போயின. ஆக, தொடக்கத்தில் இவை இரண்டு இனங்கள். பின்வந்தவர்கள் மாற்றி மாற்றிச் சேர்த்தனர், பிரித்தனர். 1953-இல் டி. சி. மா என்பவர் தேனீக்களை இருபதுக்கும் மேற்பட்ட இனங்களாகப் பிரித்தார். 1988-இல் ஃபிரீட்ரிக் ருட்னர் உடலளவுகளைக் கணக்கிட்டு அந்தப் பட்டியலைச் சுருக்கி, ஆசியப் பொந்துத் தேனீயைச் செரானா என்ற ஒரே இனமாக்கி, அதற்குள் செரானா, இண்டிகா, ஜப்பானிகா, ஹிமாலயா என நான்கு கிளையினங்களை வைத்தார். இந்தியப் பாடநூல்கள் பிடித்துக்கொண்டது இந்த வகைப்பாட்டைத்தான். இண்டிகா என்ற பெயர் அழியவில்லை. ஆனால் மூன்றாம் சொல்லாகக் கீழிறங்கிவிட்டது.

ருட்னரின் முறையில் ஒரு சிக்கல் இருந்தது. உயரமான இடத்துத் தேனீ பெரிதாகவும் கறுப்பாகவும், தாழ்நிலத்தது சிறிதாகவும் வெளுப்பாகவும் இருப்பது ஓர் இனத்துக்குள்ளேயே இயல்பாக நிகழக்கூடியது. உடல் அளவும் நிறமும் மட்டும் தெரிந்தால், அது தட்பவெப்பத்துக்கு ஏற்ற மாற்றமா, தனி இனத்தின் அடையாளமா என்று சொல்ல இயலாது. மரபணு ஆய்வு வந்த பிறகே இந்த முட்டுக்கட்டை நகர்ந்தது. அமெரிக்காவைச் சேர்ந்த டெபோரா ஸ்மித்தும் உடன் உழைத்தவர்களும் 1990-களிலிருந்து மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ-வை ஒப்பிட்டபோது எதிர்பாராத ஒன்று தெரிந்தது. தென்னிந்திய மலைகளின் கறுப்புத் தேனீ, பக்கத்துச் சமவெளியின் மஞ்சள் தேனீயைவிட, தொலைவிலுள்ள ஆசிய நிலப்பரப்புச் செரானாக்களுக்கே நெருங்கிய உறவு. மஞ்சள் தேனீ தனிக் கிளையாக நின்றது. இலங்கைத் தேனீயும் அதன் பக்கம் சேர்ந்தது.

இதை வெறும் உயர வேறுபாடு என்று தள்ளிவிட முடியாது. உயரத்துக்கேற்ப நிறம் மாறும் ஒரே இனமாக இருந்தால், மலையடிவாரத்தில் இரண்டும் கலந்து இடைப்பட்ட வடிவங்கள் மலிந்திருக்கும். பரம்பரை வரிசையும் பக்கத்து ஊரோடு ஒட்டியிருக்கும். 2006-இல் பெஞ்சமின் ஓல்ட்ராய்டும் இந்திய ஆய்வாளர்களும் இரு நிறத் தேனீக்களும் இனக்கலப்பின்றிப் பிரிந்திருப்பதற்குச் சான்றுகள் இருப்பதாக எழுதினர். தேனீக்களில் இப்படிப் பிரிந்திருப்பது நடக்கக்கூடியதுதான். 1976-இல் இலங்கையில் கோனிகரும் விஜயகுணசேகரவும் ஆண் தேனீக்கள் பறக்கும் நேரத்தைக் குறித்தார்கள். கொம்புத்தேனீ நண்பகலுக்குப் பின், பொந்துத் தேனீ மாலை நான்கே காலிலிருந்து ஐந்தே கால் வரை, மலைத்தேனீ அந்தி மயங்கும் ஆறு மணிக்குமேல். ஒரே வானத்தில் நேரத்தைப் பங்கிட்டுக்கொண்டே மூன்று இனங்கள் கலவாமல் இருக்கின்றன. மஞ்சளும் கறுப்பும் அடுத்தடுத்து வாழும் ஊர்களில் இதே கணக்கைப் பொறுமையாக எடுப்பது, இன்னொரு சுற்று இறக்கை அளவை விடப் பயன்தரும்.

2022-இல் வந்த கட்டுரை இந்தப் பின்னணியில்தான் வந்தது. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் கரமனை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த எஸ். ஷானஸ், உடன் ஆய்ந்த கிருஷ்ணன் ஜி. அஞ்சு, கே. மஷ்ஹூர் ஆகிய மூவரும் அதன் ஆசிரியர்கள். இறக்கை நரம்புகளின் அளவு விகிதம் ஒன்றை அவர்கள் புதிய அளவுகோலாக முன்வைத்து, மரபணுச் சான்றையும் சேர்த்து, இந்தியப் பொந்துத் தேனீக்களை மூன்றாகப் பிரித்தனர்: செரானா, தன் பழைய தகுதியை மீளப் பெற்ற இண்டிகா, புதிதான கரிஞ்ஞொடியன். கோவாவிலிருந்து கர்நாடகம், கேரளம், தமிழகத்தின் மலைப்பகுதிகள் வரை, மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டியே கரிஞ்ஞொடியனின் வாழிடம் என்றும், அதன் தேன் மற்றதைவிடக் கெட்டியானது என்றும் குறிப்பிட்டனர். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் அளவுகோலைப் பயன்படுத்திக் கேரளத்தில் அது அச்சுறுத்தலை நெருங்கிய நிலையில் இருப்பதாகவும் மதிப்பிட்டனர். இருநூறு ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பின் இந்தியாவிலிருந்து ஒரு புதுத் தேனீ என்று செய்தித்தாள்கள் எழுதின.

இந்த முடிவின் ஒரு பாதியை மற்றவர்கள் ஏறக்குறைய ஏற்றுக்கொண்டுவிட்டனர். 2023-இல் ஆசியப் பொந்துத் தேனீக்கள் முழுவதையும் மரபணு அடிப்படையில் மறுபரிசீலனை செய்து டெபோரா ஸ்மித், கார்ட் ஓட்டிஸ் முதலானோர் வெளியிட்ட ஆய்வும், சமவெளியின் மஞ்சள் தேனீயைத் தனி இனமாக, இண்டிகா என்ற பெயரிலேயே வைக்க வேண்டும் என்றது. மறுபாதிதான் சிக்கல். கறுப்புத் தேனீ ஆசிய நிலப்பரப்புச் செரானாவுக்கு இவ்வளவு நெருங்கிய உறவென்றால், அதற்குப் புது இனப்பெயர் எதற்கு, மலையில் தங்கிப்போன செரானா என்றால் போதாதா என்பது எதிர்ப்பக்கத்தின் வாதம். இரண்டு பக்கமும் இந்தியத் தெற்கில் குறைந்தது ஈரினம் உண்டு என்பதில் ஒத்துப்போகின்றன. சண்டை கறுத்தது எந்த வீட்டுப் பிள்ளை என்பதில்தான். இருக்கும் சான்றுகளை வைத்துப் பார்க்கையில் மஞ்சள் தேனீயின் தனித்தன்மை வலுவாகவும், கரிஞ்ஞொடியனின் தனி இனத் தகுதி பலவீனமாகவும் தெரிகிறது. தாய்வழி மட்டுமே வரும் மைட்டோகாண்ட்ரியாவோடு நிற்காமல், உட்கரு மரபணுவை மலையிலிருந்து கடற்கரை வரை படிப்படியாக எடுத்து ஒப்பிட்டால் இந்த நிலை மாறவும் கூடும்.

அப்படி ஒப்பிட இதைவிடத் தோதான இடம் அரிது. திருவனந்தபுரம் மாவட்டம் அகலம் குறைந்தது. தென்னந்தோப்புகள் நிறைந்த கடற்கரையிலிருந்து ரப்பர் மேடுகள் வழியாக நெய்யாறு, பேப்பாறை, பொன்முடிக் காடுகளுக்கும் 1,868 மீட்டர் உயர அகத்திய மலையின் அடிவாரத்துக்கும் சாலைவழி சில மணி நேரம்தான். காணிக்காரப் பழங்குடி மக்கள் தேன் எடுக்கும் காடும், மாநகரத்து வீட்டு மாடியிலுள்ள பெட்டியும் ஒரே மாவட்டத்துக்குள் அடக்கம். தேனீ ஆராய்ச்சிக்கென்று நெடுங்காலமாக இயங்கும் வெள்ளாயணி வேளாண் கல்லூரியும், புதிய இனம் விவரிக்கப்பட்ட கரமனையும் இங்கேயே இருக்கின்றன. ஆனால் ஒரு தடை உண்டு. இங்குள்ள தேனீ எல்லாம் தானாகப் பரவியவை அல்ல. பெட்டியில் ஏறிப் பயணம் செய்தவை.

இங்கே பெட்டி பரவிய கதை பழைய திருவிதாங்கூரின் தெற்கில் தொடங்குகிறது. அதற்கு முன் மண்பானையைக் கவிழ்த்து வைத்தும், பொந்தை வெட்டியும் எடுத்த தேன்தான். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருச்சிராப்பள்ளியில் இருந்த இயேசு சபைப் பாதிரியார் நியூட்டன், உள்நாட்டுத் தேனீயின் சிறிய உடலுக்கும் சிறிய குடும்பத்துக்கும் ஏற்ற, சட்டங்களைக் கழற்றி மாட்டக்கூடிய பெட்டியை உருவாக்கினார். அது இன்றும் நியூட்டன் பெட்டிதான். 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் ஸ்பென்சர் ஹேட்ச் நடத்திய கிராமச் சீரமைப்பு மையம் தேனீ வளர்ப்பைக் குடிசைத் தொழிலாகப் பரப்பியது. 1956 நவம்பர் 1-இல் மாநில எல்லை நடுவே விழுந்து மார்த்தாண்டம் தமிழகத்துக்கு வந்தது. தொழில் எல்லையைப் பொருட்படுத்தவில்லை. ரப்பர் தளிர்க்கும் பருவத்தில் கன்னியாகுமரி மாவட்டத்துப் பெட்டிகள் லாரியேறிக் கேரளத் தோட்டங்களுக்குப் போவது இன்றைக்கும் வழக்கம். காட்டிலிருந்து பிடித்த கூட்டம் சமவெளிக்கு வருவதும், சமவெளிப் பெட்டி மலையடிவாரத்தில் மூன்று மாதம் இருந்து கூடு பிரித்துத் திரும்புவதும் நூறாண்டாக நடக்கின்றன. இயற்கையான எல்லை எது, லாரி போட்ட எல்லை எது என்று இனிப் பிரிப்பது எளிதல்ல.

ஒரு பெயரா இரண்டா என்பது வெறும் அருங்காட்சியகச் சண்டை இல்லை என்பதற்கு 1991–92 சாட்சி. தாய்லாந்தில் 1976-இல் கண்டறியப்பட்ட தாய் சாக்புரூடு வைரஸ் 1978-இல் மேகாலயாவில் தென்பட்டு, பதின்மூன்று ஆண்டுகள் கழித்துத் தெற்கே இறங்கியது. நோய் கண்ட புழு கூட்டுப்புழுவாகும் தறுவாயில், அறைக்குள் நீண்டு கிடந்து, தலையை மேலே நிமிர்த்தியபடி சாகிறது. இடுக்கியால் தூக்கினால் அடியில் நீர் கோத்த பையாக வரும். காய்ந்தபின் படகு வடிவில் கறுத்துச் சுருண்டு அறையில் தளர்வாகக் கிடக்கும். வளர்ந்த தேனீ கண்ணுக்கு நலமாகவே தெரியும். ஆனால் அடுத்த தலைமுறை வராமல் கூடு தேய்ந்து, கடைசியில் மிச்சமிருப்பவை பறந்துபோகும். கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் வளர்ப்பிலிருந்த கூடுகளில் தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல் அழிந்தன. கையில் மருந்து இருக்கவில்லை. நோய் விரைந்து பரவியதில் பெட்டிகளின் பயணத்துக்கும் பங்கு இல்லாமலில்லை. அன்றைய கணக்குகள் மஞ்சளையும் கறுப்பையும் ஒரே தேனீயாகவே எண்ணியதால், எது எளிதில் மடிந்தது, எது தாக்குப்பிடித்தது என்று அவற்றிலிருந்து கறந்து எடுக்க வழியில்லை.

அந்த வெற்றிடத்தில்தான் இத்தாலியத் தேனீ தெற்கே வேரூன்றியது. 1960-களில் வடமேற்கு இந்தியாவில் நிலைபெற்றிருந்த அது, தாய் சாக்புரூடால் அவ்வளவாகப் பாதிக்கப்படுவதில்லை. தேனும் பல மடங்கு தரும். பெரிய பெட்டி, கூடுதல் தீனி, ஓயாத இடப்பெயர்ச்சி ஆகியவை அதற்கு விலை. வீட்டுப் புறத்தில் இரண்டு மூன்று பெட்டி வைத்திருப்பவருக்கு அது கட்டுப்படியாகாது என்பதால், பிழைத்த உள்நாட்டுக் கூடுகள் பெருகியதும் சிறு வளர்ப்போர் அதற்கே திரும்பினர். இத்தாலியத் தேனீயும் உள்நாட்டுத் தேனீயும் கலந்து சந்ததி தருவதில்லை. தவறி இணைந்தாலும் முட்டை வளராது. இந்தப் பக்கத்தில் உள்நாட்டுத் தேனீயின் இரத்தம் பாதுகாப்பாகவே இருக்கிறது. மஞ்சளும் கறுப்பும் அப்படி முற்றிலும் பிரிந்தவைதானா என்பதே மீதிக் கேள்வி.

இரண்டு இனங்களை ஒன்றாக எண்ணுவதால் வரும் குழப்பத்துக்கு ஒட்டுண்ணி ஒன்றின் வரலாறு நல்ல ஒப்பு. 1904-இல் ஜாவாவில் பொந்துத் தேனீயின்மேல் கண்டெடுத்து வரோவா ஜாக்கப்சோனி என்று பெயரிடப்பட்ட உண்ணி, பிறகு உலகெங்கும் இத்தாலியத் தேனீயை அழிப்பது என்று நம்பப்பட்டது. 2000-இல் ஆண்டர்சனும் ட்ரூமனும் அழிப்பது வேறோர் இனம் என்று காட்டி அதற்கு வரோவா டெஸ்ட்ரக்டர் என்று பெயர் வைத்தனர். அதுவரை வந்த ஆய்வுகளில் பல எந்த உண்ணியைப் பற்றியவை என்று திரும்பப் பிரித்துப் படிக்க வேண்டியதாயிற்று. உள்நாட்டுத் தேனீயோ இந்த உண்ணியோடு நெடுங்காலம் வாழ்ந்து பழகியது. உண்ணி ஆண் புழு அறையில் மட்டுமே வெற்றிகரமாகப் பெருகும். வேலைக்காரத் தேனீக்கள் ஒன்றையொன்று சுத்தம் செய்து உண்ணியைக் கவ்வி எறியும். நோய் கண்ட ஆண் அறையை அப்படியே மெழுகால் அடைத்துப் புதைத்துவிடுவதும் உண்டு.

நடைமுறையில் இன்றைய நிலை இது. வெள்ளாயணி போன்ற நிலையங்களில் பயிற்சி பெறுவோருக்கு உள்நாட்டுத் தேனீ இன்னும் பெரும்பாலும் ஒரே தேனீயாகவே அறிமுகமாகிறது. விற்பனைக்கு வரும் கூட்டம் எந்த உயரத்தில் பிடித்தது என்று பெட்டியில் எழுதும் வழக்கமும் இல்லை. கறுப்புத் தேனீ தனி இனமென்றாலும் செரானாவின் மலைக்கிளையென்றாலும், அதன் வாழிடம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு குறுகிய பட்டைதான். அடிவாரத்து ரப்பர் பருவத்தில் அங்கே நிற்கும் வெளியூர்ப் பெட்டிகளின் ஆண் தேனீக்கள் மாலையில் அதே வானத்தில்தான் பறக்கின்றன. பெட்டிகள் போகாத அகத்தியமலை உட்காடுகளில் இப்போதே மாதிரி எடுத்து வைத்தால், கலப்பு எவ்வளவு என்று பின்னால் அளக்க ஓர் ஒப்பீட்டு அடிப்படை கிடைக்கும்.